சரிந்த மண்ணும் எழுந்த சுவரும்

கௌஹாத்தியில் குடியேறியுள்ள நம்மவருக்கு மழை புதிதன்று. மழையோடு குன்றும் இறங்கி வருவதுதான் புதிது. எங்கள் குடியிருப்பு குன்றின் ஓரத்தை வெட்டிச் சமன்செய்த நிலத்தில் அமைந்தது. ஈராண்டுகளுக்கு முன் ஆனி மாதத்து இரவொன்றில் மேல்வரிசை வீடுகளின் பின்புறச் சரிவு நழுவிக் கொல்லைக் கதவுகள் வரை வந்து நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் அவ்வரிசையிலுள்ள ஆறு குடும்பங்களும் இருப்பதா, பெயர்வதா என்று கலங்கின. ஒரு குடும்பம் பெயர்ந்தே விட்டது.

கருங்கற்சுவருக்குக் கேட்ட தொகை எங்கள் சக்திக்கு மிஞ்சியது. பார்வையிட வந்த பொறியாளரோ, இக்குன்றின் மண்ணைக் கொண்டே வலுவூட்டிய மண்சுவர் எழுப்பலாம் என்றார். “விழுந்த மண்ணையா மறுபடி நம்புவது?” என்று எங்களுள் மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பித் திமிசு போட்டு இறுக்கி, குறித்த உயரந்தோறும் உறுதியான செயற்கை வலையை விரித்துக்கொண்டே போனால், மண்ணுக்கும் வலைக்கும் உள்ள உராய்வே அந்த இழுப்பை ஏற்றுக்கொள்கிறது. பட்டைகளைக் கொண்டு இம்முறையை வகுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி விடால் 1963-இல் காப்புரிமை பெற்றார். சிக்கிமில் 2018-இல் திறக்கப்பெற்ற பாக்யோங் விமான நிலையமும் இவ்வாறு வலுவூட்டிய பெருஞ்சரிவின்மேல்தான் நிற்கிறது.

ஆனால் கைக்கெட்டிய மண்ணெல்லாம் உதவாது. மாவு போன்ற நுண்துகள் (75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது) நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படலாகாது என்பது பொறியாளர் வைத்த வரம்பு. சரிந்து வந்த செம்மண் சோதனையில் தேறவில்லை; களிப்புள்ள அம்மண் நீரை விடாமல் பிடித்துக்கொண்டு சுவரை முன்தள்ளும். குன்றின் மறுபுறம் கிடைத்த பருக்கை மண் தேறியது. செம்மண்ணையும் நாங்கள் வீணாக்கவில்லை; மழைநீர் உள்ளே இறங்காதபடி சுவரின் தலைப்பில் மூடாக்காக இட்டோம்.

ஐந்து மீட்டர் சுவருக்கு வலை மூன்றரை மீட்டராவது உள்ளே செல்லவேண்டும். அதற்காகச் சரிவை மேலும் வெட்ட நேர்ந்தமையால், ஐப்பசிக்குப் பின் மழை ஓய்ந்தே, சிறுசிறு பகுதியாக வேலை நடந்தது. முகப்புக்குக் கம்பிக்கூடைகளில் கல், பின்னால் ஜல்லியும் துளைக்குழாயும், மேலே வடிகால். செலவில் பாதியைக் குறைக்கலாமென்று சிலர் இவ்வடிகாலையே நீக்கச் சொன்னார்கள். அதற்கு இணங்கியிருந்தால் மற்றதெல்லாம் பாழ். மேல்வரிசைப் பெண்கள்தாம் விட்டுக்கொடுக்காமல் வாதாடி வென்றார்கள்.

சுவரின் மேல் முருங்கை நட வேண்டுமென்று ஒரு வீட்டார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழி தோண்டினால் வலை அறுபடும்; புல்லோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். மழை நாட்களில் முறைவைத்துக் குழாய்வாயைப் பார்க்கிறோம். தெளிந்த நீர் வந்தால் கவலையில்லை. கலங்கல் வந்தால் உள்ளிருந்து மண் அரித்துப்போகிறதென்று பொருள். இவ்வாண்டு ஆடி முடியத் தெளிவாகவே வந்தது.