முதுமை எய்தும் மண்டலங்கள்

இருள் சூழ்ந்த வெட்டவெளியில் தொலைவில் ஒரு விளக்கு எரிகின்றது. அதனருகே செல்ல வழியில்லை. ஆயினும் அதன் தொலைவை அறிதல் வேண்டும். அவ்விளக்கின் உண்மை ஒளி இவ்வளவு என்பது முன்னரே தெரிந்திருப்பின் அது அரிதன்று. இரு மடங்கு தொலைவிலுள்ள விளக்கு நான்கில் ஒரு பங்கு ஒளியே தரும். மும்மடங்கு தொலைவிலுள்ளது ஒன்பதில் ஒரு பங்கு தரும். மங்கலைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு விடலாம். ஆனால், எண்ணெய் வற்றி, நாழிகைக்கு நாழிகை சுடர் தணிந்துகொண்டே வரும் விளக்காயின், அக்கணக்கு என்னாகும்?

கடந்த நூற்றாண்டின் இடைப்பகுதியில் வானநூலார் பேரண்டத்தை இத்தகைய விளக்குகளைக் கொண்டே அளந்து வந்தனர். அவ்விளக்குகள், பல்லாயிரங்கோடி விண்மீன்கள் ஒருங்கு திரண்ட மண்டலங்கள் ஆகும். மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன என்பதை ஹபிள் என்னும் அறிஞர் 1929-ஆம் ஆண்டில் நிறுவினார். பேரண்டம் விரிகின்றது என்பது தெளிவாயிற்று. அவ்விரிவு ஒரு நாள் தளர்ந்து நின்று, மீண்டும் சுருங்குமா? அன்றி, என்றென்றும் விரிந்துகொண்டே இருக்குமா? இவ்வினாவிற்கு விடை காண முற்பட்டவர்களுள் தலைசிறந்தவர் ஹபிளின் வழிவந்த ஆலன் சாண்டேஜ். அவர் பாலொமார் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைநோக்கியின் துணையுடன், மண்டலக் கூட்டங்களில் பேரொளி வீசும் நீள்வட்ட மண்டலங்களைத் தேர்ந்து அளந்து வந்தார். காலத்தால் அவற்றின் ஒளி மாறினும், அம்மாற்றம் மிகச் சிறிது என்பது அவர் கருத்து.

அக்கருத்தை மறுத்துரைக்க முன்வந்தவர் புகழ்பெற்ற பேராசிரியர் அல்லர். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஓர் இளம் மாணவி. அவரே பியாட்ரிஸ் டின்ஸ்லி அம்மையார்.

அம்மையார் 1941-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள செஸ்டர் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் குடும்பம் நியூசிலாந்தில் குடியேறியது. தந்தையார் கிறித்தவ சமயகுரு; நியூ பிளிமத் என்னும் நகரின் தலைவராகவும் சில ஆண்டு விளங்கினார். மகளார் பள்ளியிலே கணக்கிலும், வீட்டிலே வயலின் இசையிலும் ஒருங்கே தேர்ச்சி பெற்றார். கிறைஸ்ட்சர்ச் நகரில் இயற்பியல் பயின்று முதல் வகுப்பில் தேறி, உடன் பயின்ற இயற்பியலாரை 1961-இல் மணந்தார். இரண்டாண்டு கழிந்தபின் கணவருக்கு அமெரிக்க நாட்டு டல்லஸ் நகரில் பணி கிடைத்தது. அம்மையார் உடன் சென்றார். அவருக்கு அங்கே தகுந்த பணி எதுவும் காத்திருக்கவில்லை.

வானநூல் பயில விரும்பியவர்க்கு ஏற்ற பல்கலைக்கழகம் ஆஸ்டின் நகரில் இருந்தது. டல்லஸிற்கும் ஆஸ்டினுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். 1964-இல் அங்கே சேர்ந்த அம்மையார் அத்தொலைவைப் பலகாலும் கடந்து சென்று பயின்று மீண்டார். மூன்று ஆண்டு நிரம்புமுன்னே ஆராய்ச்சியை முடித்தார்.

அவ்வாராய்ச்சியின் சாரம் இதுவாகும். மண்டலம் என்பது விண்மீன்களின் கூட்டம். விண்மீன்களோ பிறந்து வளர்ந்து மடிவன. அங்ஙனமாயின் மண்டலத்தின் ஒளியும் நிறமும் மட்டும் மாறாதிருத்தல் எவ்வாறு?

விண்மீன்களின் வாழ்நாள் அவற்றின் பொருண்மையைப் பொறுத்தது. ஞாயிற்றின் வாழ்நாள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. அதனினும் பத்து மடங்கு பொருண்மையுடைய மீன் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளிலேயே எரிபொருள் தீர்ந்து வெடித்து ஒழியும். கார்த்திகை எனப்படும் அறுமீன் கூட்டம் நீலவெண்ணிற ஒளி வீசுவது அதன் இளமையைக் காட்டும். திருவாதிரை செவ்வொளி வீசுவது முதுமையைக் காட்டும். ஆயினும் ஆண்டுக் கணக்கில் நோக்கின் திருவாதிரையே இளையது! பெருஞ்செல்வம் படைத்தும் பெருஞ்செலவு செய்வான் விரைவில் வறியனாவதை இது ஒக்கும். ஒரு மண்டலத்தில் புதுமீன்கள் பிறப்பது நின்றுவிடின், நீலநிறப் பெருமீன்கள் முதலில் மறையும். நெடுநாள் வாழும் சிறுமீன்களின் மங்கிய செவ்வொளியே எஞ்சும். மடியும் மீன்கள் தம்முள் ஆக்கிய கரி, உயிர்வளி, இரும்பு முதலிய தனிமங்களை வெளியே வீசும். அவை கலந்த வளியிலிருந்து அடுத்த தலைமுறை மீன்கள் தோன்றும்.

இவையெல்லாம் தனித்தனியே அறியப்பட்ட செய்திகள்தாம். அவற்றை ஒன்றுசேர்த்துக் கணிப்பொறியின் துணையால், ஒரு மண்டலத்தின் பிறப்பு முதல் இற்றை நாள் வரையுள்ள வரலாற்றைப் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டியது அம்மையாரின் அருஞ்செயல். எத்தனை மீன்கள், எவ்வெப் பொருண்மையுடன் தோன்றின. எவை எப்பொழுது மடிந்தன. அக்காலத்தில் மண்டலத்தின் மொத்த ஒளி யாது, நிறம் யாது என்று அவர் கணக்கு விடை கூறியது. 1968-இல் அது வெளிவந்தது.

தொலைவிலுள்ள மண்டலத்தின் ஒளி இங்கு வந்து சேர நூறுகோடிக் கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. ஆதலின் இன்று காணப்படுவது அம்மண்டலத்தின் இளமைக்கோலமே. இளமையில் அது மிக்க ஒளியுடன் இருந்தது. அதனை அறியாது, அருகிலுள்ள முதிய மண்டலத்தின் ஒளியையே அதற்கும் வைத்துக் கணக்கிட்டால், உள்ள தொலைவினும் அண்மையில் இருப்பதாகப் பிழைபடும். இப்பிழை சிறிதன்று. திருத்தாத அளவுகள் பேரண்டம் ஒருநாள் நின்று சுருங்கும் என்று காட்டினாலும், திருத்திய பின் அவையே அது என்றும் விரியும் என்று காட்டக்கூடும். சாண்டேஜ் இதனை எளிதில் ஏற்றாரல்லர். பெருந்தொலைநோக்கியின் துணையுடன் பல்லாண்டு உழைத்தவர் அங்ஙனம் தயங்கியது இயல்பே. அம்மையார் 1972-இல் மீண்டும் கணக்கிட்டு எழுதினார், பின்னரும் எழுதினார். மண்டலங்கள் மாறுகின்றன என்பது வானநூலார்க்குப் பொதுக்கொள்கை ஆயிற்று.

1974-இல் வேறு மூவருடன் கூடி, பேரண்டத்திலுள்ள பொருள் அதன் விரிவைத் தடுத்து நிறுத்தப் போதாது என்று எழுதினார். அடுத்த ஆண்டில் ஜேம்ஸ் கன் என்பாருடன் எழுதிய கட்டுரை அதனினும் துணிவுடையது: விரிவு தளராமல் விரைவு மிகுந்து வருதலும் கூடும் என்று அது கூறியது. அன்றைய அளவுகள் அதனை மெய்ப்பிக்கப் போதியன அல்ல. வெடிக்கும் விண்மீன்களை அளந்த இரு குழுவினர் 1998-இல் அவ்விரைவை உறுதிப்படுத்தினர். அதற்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்துணைப் புகழ் எய்தியும் டல்லஸில் அம்மையார்க்குத் தகுந்த நிலைத்த பணி வாய்க்கவில்லை. அவரும் கணவரும் இரு குழந்தைகளை மகவாக ஏற்று வளர்த்து வந்தனர். வீட்டுக் கடமையும் ஆராய்ச்சியும் அவரை இருபுறமும் ஈர்த்தன. 1974-இல் மணவாழ்வு முறிந்தது. குழந்தைகள் தந்தையுடன் தங்க, அம்மையார் தனியே புறப்பட்டார். அறிவிற்காக அவர் கொடுத்த விலையுள் இதுவே பெரிது. யேல் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. 1978-இல் அங்கு வானநூல் துறையின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். ரிச்சர்டு லார்சன் என்பாருடன் சேர்ந்து, மண்டலங்கள் ஒன்றோடொன்று நெருங்கி மோதும்பொழுது புதுமீன்கள் திடீரெனப் பெருகித் தோன்றுகின்றன என்பதை நிறங்களைக் கொண்டு விளக்கினார். 1977-இல் அவ்விருவரும் கூட்டிய மாநாட்டிற்கு மண்டலங்களின் வளர்ச்சியே பொருளாயிற்று.

பேராசிரியர் ஆன அதே 1978-இல், தோலில் தோன்றும் கொடிய புற்றுநோய் அவரைப் பற்றியிருப்பது தெரிந்தது. அதன் பின்னும் மாணவர்க்குப் பாடம் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. தந்தையார்க்கு அவர் எழுதி வந்த மடல்கள் பின்னர் ஒரு நூலாக வெளிவந்தன.

நோய் முற்றியபொழுது வலக்கை செயலிழந்தது. அம்மையார் இடக்கையால் எழுதப் பழகினார். ஞாயிற்றின் சுற்றுப்புறத்தில் விண்மீன்கள் தலைமுறை தலைமுறையாகத் தனிமங்களைப் பெருக்கி வந்த வரலாற்றைப் பற்றிய கட்டுரையை அக்கையாலேயே எழுதி முடித்து, இறப்பதற்குச் சில நாள் முன்னர் இதழுக்கு அனுப்பினார். 1981-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார், அகவை நாற்பது. அக்கட்டுரை அவ்வாண்டின் பிற்பகுதியில் அச்சேறியது.