சுழலும் கட்டையில் ஒரு வித்தை

குழந்தைகளோடு மைசூர் சாலையில் கிளம்பும் பெங்களூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிடதியிலேயே பயணம் முடிந்துவிடுகிறது. 2005-இல் திறந்த வொண்டர்லா பூங்கா அங்கேதான். அதன் ராட்டினங்களுக்கு மசியாதவர்கள் இன்னும் 30 கிலோமீட்டர் போனால் சென்னப்பட்டணம்.

அங்குள்ள பட்டறைகளில் நடப்பது கடைசல் வேலை. பார்ப்பவர்களுக்கோ செப்படிவித்தை. சுழலும் வெட்பாலைக் கட்டைமீது தொழிலாளி அரக்குக் குச்சியை அழுத்துகிறார். உராய்வுச் சூட்டில் அரக்கு உருக, வெளுத்த மரம் கண்ணெதிரே மஞ்சளாகிறது. பிறகு தாழை ஓலையால் ஒரு தேய்ப்பு. பளபளவென்று பம்பரம் தயார். அம்பாசமுத்திரம் மரச்சொப்பு வைத்து விளையாடியவர்களுக்கு இந்தப் பளபளப்பு புதிதல்ல.

திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்ததில் தொடங்கியதாகச் சொல்லப்படும் தொழில் இது. மலிவான சீன பிளாஸ்டிக் பொம்மைகள் வந்ததும் படுத்துவிட்டது. புவிசார் குறியீடு கிடைத்தது. புதிய வடிவங்கள் வந்தன. பொம்மை இறக்குமதி வரியும் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70-ஐத் தொட்டது. மரக்குதிரை மீண்டும் எழுந்து நின்றது.

அதே 2023 மார்ச்சில்தான் பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. பயண நேரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் சாலை ஊரைத் தொடாமல் சுற்றிப் போனது. காரை நிறுத்திக் கிலுகிலுப்பை வாங்கிய கூட்டம் கரைந்துபோக, சீனாவைச் சமாளித்த கடைக்காரர்கள் சொந்த நாட்டுத் தார்ச்சாலையிடம் திணறுகிறார்கள்.

கடைகள் இருக்கின்றன. ராமநகரத்துக்கு முன்பே பழைய சாலையில் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். வாங்குமுன் கையில் எடுத்துத் தட்டிப் பார்ப்பது நல்லது. மரத்தின் பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் தொங்குகிறது.