புறப்பட வைப்பது வேண்டுதல், சேர்ப்பது பாதம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். கார்த்திகை தீபம் நெருங்கினால் இந்தச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டத்தைப் பார்க்கலாம். விழுப்புரம் பக்கத்து ஆட்கள் கண்டாச்சிபுரம், வேட்டவலம் வழியாகப் போவார்கள். நான் நடக்கப் பழகியது இந்த இரண்டு சாலைகளில்தான். வேண்டுதலும் வைராக்கியமும் ஆளைப் புறப்பட வைக்கும். ஊர் போய்ச் சேர்ப்பது பாதம்.

முதல் வேலை நகம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். நெடுநேரம் நடந்தால் பாதம் வீங்கும் என்பதால் ஷூ அரை அளவு பெரிதாகவும், ஏற்கெனவே காலுக்குப் பழகியதாகவும் இருக்கட்டும். புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் தீவனூர் தாண்டுவதற்குள் நொண்டத் தொடங்குவார்கள். கொப்புளம் வருவது உராய்வாலும் சூட்டாலும் ஈரத்தாலும். விரலிடுக்கில் வாசலின் தடவினால் உராய்வு குறையும். வியர்வையில் ஊறிய சாக்ஸை மாற்றி, கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிட்டால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். தீபம் வருவதோ அடைமழைக் காலம். ஷூ முழுக்க நனைந்துவிட்டால், பின்பட்டை வைத்த செருப்பே மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. குதிகாலிலோ பெருவிரல் ஓரத்திலோ சுரீரென்று சுட ஆரம்பித்தால், அந்த இடத்திலேயே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். 'அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்' என்று நடந்தால், டீக்கடை வரும்போது நீர் கோத்திருக்கும்.

சாலையையும் படிக்கத் தெரிய வேண்டும். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். ஒரே ஓரமாக மணிக்கணக்கில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். இடுப்பு ஒரு பக்கமாகக் கடுக்கும். மண் ஓரம் கிடைக்கிற இடத்திலெல்லாம் நான் அதில் இறங்கிவிடுவேன். இருட்டில் வலப்புறமாகப் போனால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும். பின்னால் வருகிறவனுக்குத் தெரிய, பையில் மின்னும் ஸ்டிக்கர் வேண்டும். சாலை அகலமானபோது ஓரத்துப் புளியமரங்கள் பல போய்விட்டதால் நிழலை நம்பி நடக்க முடியாது. விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முக்கால் தூரத்தை முடித்துவிடுவதே வழி. வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாமல் உப்புப் போட்ட மோரும் நடுவில் வேண்டும். வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல.

சுமையைப் பற்றி இந்த வட்டாரத்திலேயே பாடம் இருக்கிறது. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றுப் பாறையில் இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சமணர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. திகம்பர முனிகள் வண்டி ஏறுவதில்லை. எவ்வளவு தூரமானாலும் வெறுங்காலோடு நடைதான். கையில் மயிற்பீலியும் கமண்டலமும். கடல் தாண்டிப் போனாலும் இதே பாடம்தான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தடம் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் காட்டுவழி. அதை 1955இல் ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் எம்மா கேட்வுட். அப்போது அவருக்கு 67 வயது. காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை. நாம் மூன்று நாள் நடைக்குக் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல மூட்டை கட்டுகிறோம். ஒரு மாற்றுத்துணி, ஒரு துண்டு, தண்ணீர், பிளாஸ்டர், டார்ச் போதும்.

நாட்டார்மங்கலம் தாண்டி, பாறைமேல் பாறையாகச் செஞ்சி மலைகள் தெரியும்போது கால் தானாக வேகமெடுக்கும். அந்த நேரத்தில்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். வந்ததுதான் வந்தோம், ராஜகிரிக் கோட்டையையும் ஏறிவிடலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்; மறுநாள் ஆலம்பூண்டி, கீழ்பென்னாத்தூர் எல்லாம் பாக்கி இருக்கிறது. கோட்டையை இன்னொரு நாள் வந்து பார்க்கலாம்.

முதன்முதலாக நடக்க நினைக்கிறவர்கள் தை மாதத்தில் ஒரு நாள் திண்டிவனம் முதல் செஞ்சி வரை மட்டும் நடந்து பாருங்கள். 28 கிலோமீட்டர்தான். வழியில் கால் போதும் என்றால் நின்றுவிடுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. அந்தச் சாலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.