விமானத்தின் தோல்

ஆகாயவிமானத்தின் உறுப்புக்கள் யாவையென வினவின், இறக்கை, எஞ்சின், வால் என்று மாணாக்கர் விடையிறுப்பர். என் மனமோ அதன் அலுமினியத் தோலையே நாடும். உடற்பகுதியின் வளையங்களையும் நெடுஞ்சட்டங்களையும் மூடும் வெறும் போர்வையன்று அது. சுமையிற் பெரும்பங்கை அதுவே தாங்குகின்றது.

உயரத்தே காற்று ஐதாகலின், பயணிகள் மூச்சுவிடும்பொருட்டு உள்ளே காற்றை அழுத்தி வைக்கின்றனர். ஆதலின் ஒவ்வொரு பறப்பிலும் அத்தோல் சிறிதே விம்மித் தணியும். கம்பியொன்றைப் பன்முறை வளைத்தால் அது ஒடியுமன்றோ? உலோகம் இளைப்பதும் அவ்வாறே.

1952 இல் சேவைக்கு வந்த முதல் ஜெற் பயணிகள் விமானமாகிய கொமெற், அவ்வாண்டே கொழும்புக்கும் பறந்தது. 1954 இல் எல்பாத் தீவருகே ஒன்றும் நேப்பிள்ஸ் அருகே மற்றொன்றும் நடுவானிற் சிதறின. மாண்டோர் 56 பேர். இங்கிலாந்திலே பார்ண்பரோவில், வேறொரு கொமெற்றின் உடலைத் தண்ணீர்த் தொட்டியுள் அமிழ்த்தி, உள்ளேயும் நீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். காற்றெனின் வெடித்து யாவும் சிதறும். நீரெனின் கிழிசல் கிழிந்த இடத்திலேயே நிற்கும். திறப்பொன்றின் மூலையிலேதான் உலோகம் கிழிந்தது. விசை குவியுமிடம் மூலையே.

பின்வந்த கொமெற்றுக்களில் தோல் தடித்தது, யன்னல்கள் வட்டமாயின. இன்றும் விமானத்தில் அமர்ந்ததும் யன்னலின் வளைவை விரலாற் தடவிப் பார்ப்பேன். அண்டையில் இருப்போர் நகைப்பர்.