வடாம் காய்கிற நேரம்

ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். பங்குனி வெயில் ஏறுவதற்குள் பாட்டி கூழ் வடாம் பிழிந்து முடித்துவிட்டார். விரித்த வேட்டியின் நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டு நிமிர்ந்தால், தண்ணீர்த் தொட்டிமேல் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது.

கடுவன். நடுவகிடு எடுத்து எண்ணெய் தடவி வாரியதுபோல் உச்சந்தலை மயிர். பாட்டியையே பார்த்து வாயை அகலத் திறக்கிறது.

"கொட்டாவி விடுது பாட்டி, தூக்கம்போல!"

தூக்கமில்லை பேராண்டி, கோரைப்பல்லைக் காட்டி மிரட்டுகிறது. உதட்டை இழுத்து இளித்தால்தான் அதற்குப் பயம் என்று பொருள். செல்ஃபி எடுக்கப் போய்க் கடி வாங்குகிறவர்கள் அந்த இளிப்பைச் சிரிப்பென்று நம்பியவர்கள்.

1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்த தொழிற்சாலை இது. வெளியே தோப்பெல்லாம் மனையாகிப் போக, இங்கே வேம்பும் புளியும் தூங்குமூஞ்சியும் மிஞ்சின, அவற்றோடு நாட்டுக்குரங்கும். இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இதற்குச் சொந்தக் காடு கிடையாது. அமேசான் காட்டுச் சிலந்திக் குரங்கு வாலாலேயே கிளையைப் பற்றித் தொங்கும். நம்முடையதற்கு வால் நீளமே தவிர பிடி கிடையாது. கேபிள் வயரில் நடக்கும்போது தடுமாறாமலிருக்க உதவும், அவ்வளவுதான்.

மந்திகள் இறங்குகின்றன. கடுவன்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய்விடும். மந்திகள் சாகும்வரை இங்கேதான். ஆகவே பெரிய மனுஷித்தனமும் தாய்வழியில்தான் வருகிறது. காது கிழிந்த மூத்த மந்தி வேட்டியின் நடுவில் உட்காருகிறது. வயிற்றோடு ஒட்டிய கருத்த குட்டி, பிறந்து சில நாள் இருக்கும். ஓரத்தில் மெலிந்த ஒன்று, ஈர வடாமை மெல்லாமல் கன்னப்பையில் அடைக்கிறது. மூத்ததின் மகள், பாதிகூட வளராத பொடிசு, அதைப் பார்க்கிறது. வெறும் பார்வைதான். மெலிந்தது எழுந்துவிட்டது. வயதில் பெரியதுதான், பிறந்த இடம் சரியில்லை. ஆனால் கெட்டிக்காரி: கைப்பிடிச் சுவர் மறைவுக்குப் போய், புறங்கையால் கன்னத்தை அழுத்தி, அடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாகத் தின்கிறது. பொடிசுக்கு மிஞ்சியது வேட்டியில் ஒட்டிய பிசுக்கு.

பாட்டி கம்பைத் தரையில் தட்டுகிறார். ஒன்றும் அசையவில்லை. தொட்டிமேல் இருந்தவன் இன்னொரு முறை வாயைத் திறக்கிறான்.

"போதும்டா கண்ணு, கீழே வா. சாயங்காலம் கடையில வடாம் பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வந்துடு. வேட்டியை அதுங்க போனப்புறம் எடுத்துக்கலாம்."