காலி வரி

தேவாரத்திலிருந்து போடிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியில் தாளம் கோக்கிறேன். மேற்கே ஏலமலைச் சரிவு கூடவே வருகிறது. ஸ்டெப் சீக்வென்ஸரில் ஒரு வரிக்குப் பதினாறு கட்டங்கள். தொட்ட கட்டம் ஒலிக்கும், தொடாதது மௌனம். 1983இல் வந்த 'மிடி' ஏற்பாடு ஒலியைச் சுமப்பதில்லை; எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளையை மட்டுமே சுமக்கிறது.

அப்பா உறுமி வாசித்தவர். அவர் போன பிறகு அந்த அடியை மீட்கப் பார்த்தேன். ஆறின் நடைக்குப் பதினாறு ஒத்துவரவில்லை, பன்னிரண்டாகக் குறைத்தேன். கணக்கு சரியாயிற்று. வளைந்த குச்சி தோலில் தேயும்போது எழும் முனகல் மட்டும் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. சுருதியை வளைக்கும் கட்டளையும் உண்டு. வளைந்தது, முனகவில்லை.

பக்கத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தின் இசைக்குக் கணினியைக் கையாண்டார். ஆகவே குறை கருவியுடையது என்று சொல்லி என்னால் தப்ப முடியவில்லை. அப்பா இருந்தவரை நான் அந்தக் குச்சியைத் தொட்டதில்லை. சாவு வீட்டில் வாசிப்பவரின் மகன் என்ற வெட்கம்.

மற்ற வரிகளை நிரப்பிவிட்டேன். உறுமிக்கு ஒதுக்கிய வரி காலியாகவே ஓடுகிறது. அதை நீக்க மனம் வரவில்லை.