முழுகிய மரத்தில் ஒரு குடித்தனம்

கல்யாணமாகிப் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கூடவே சீர்வரிசை வருகிறது. வாசல் வரை வந்து கண்ணைத் துடைத்துக்கொள்ள நாலு பேர் இருக்கிறார்கள். அறுபத்திரண்டு வயதில் சொந்த வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்புகிறவளுக்கு என்ன வருகிறது, தெரியுமா? இரண்டே பெட்டிகள். அவையும் ஒவ்வொன்றும் 23 கிலோவுக்கு மேல் போகக் கூடாது!

என் கணவர் காலமான மறு வருஷம், நாகர்கோவில் வீட்டை விற்றுவிட்டு, அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் இருக்கும் மகனிடம் வந்து சேர்ந்தேன். மகன் தங்கமான பிள்ளை. மருமகளையும் ஒரு குறை சொல்ல முடியாது. இருந்தாலும், நாற்பது வருஷம் ஆண்ட அடுக்களையை விட்டுவிட்டு, இன்னொருத்தி சமையலறையில், "உப்பு எங்கே அம்மா இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும்? சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனை நாள்தான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்? வாம்மா, மீன் பிடிக்கப் போகலாம்" என்றான் மகன், மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மீன் குழம்பு வைத்தே கைரேகை தேய்ந்தவள் நான். ஆனால் தூண்டிலைத் தொட்டதில்லை. அதற்கு என் பேரில் ஒரு லைசென்ஸ் வேறு வாங்கியிருந்தான்!

டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பிரயாணம். 'லேக் ஃபோர்க்' என்று ஏரிக்குப் பெயர். சுமார் 27,000 ஏக்கர் பரப்பு. படகில் ஏறி உள்ளே போனால், எங்கே பார்த்தாலும் பட்ட மரங்கள்! இலையில்லை, பட்டையில்லை; கழுத்தளவு தண்ணீரில் வெறும் கட்டைகளாக நிற்கின்றன. எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

"பாவம், இவற்றை வெட்டி எடுத்திருக்கக் கூடாதோ?" என்றேன்.

படகுக்காரர் பெரியவர், நிறையப் பேசுகிறவர். மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். இது மனிதர்கள் அணை கட்டி உண்டாக்கிய ஏரியாம். 1980-இல் தண்ணீர் தேங்க ஆரம்பித்து, நிரம்புவதற்கு 1985 ஆகிவிட்டதாம். காடாக இருந்த இடத்தில் பெரும்பாலான மரங்களை வேண்டுமென்றே விட்டுவைத்தார்களாம். 'பாஸ்' என்னும் மீனுக்கு வெட்டவெளித் தண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது. மரத்து நிழலில் ஒண்டிக்கொண்டு, இரை பக்கத்தில் வந்ததும் பாய்ந்து கவ்வும். டெக்ஸஸ் மாகாணத்திலேயே மிகப் பெரிய பாஸ் மீன் 1992-இல் இந்த ஏரியில்தான் அகப்பட்டது. எடை 18.18 பவுண்டு, நம் கணக்கில் எட்டேகால் கிலோ!

மரக்கிளைகளுக்கு நடுவே தூண்டில் போட்டால் முள் மாட்டிக்கொள்ளாதோ? அதற்கும் யுக்தி இருக்கிறது. ரப்பர் மாதிரி மெத்தென்ற பொய்ப் புழுவின் உடம்புக்குள்ளேயே முள்ளின் நுனியை ஒளித்துவிடுகிறார்கள். நுனியில் சின்ன ஈய குண்டு. கிளைகளில் சிக்காமல் புழு நழுவிப் போகிறது; மீன் கடித்து நாம் இழுத்தால்தான் முள் வெளியே வரும்.

நான் இழுத்தேன். கையைப் பிடுங்கிக்கொண்டு போவது போல் ஓர் இழுப்பு! பத்து நாளாகப் பேசாதிருந்தவள் கூச்சல் போட்டதைக் கேட்டு மகன் சிரித்துவிட்டான். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, அண்டா மாதிரி வாய். அளந்தார்கள்: 18 அங்குலம்.

"தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு..." என்று நான் மனசுக்குள் அடுப்பு மூட்டுவதற்குள், படகுக்காரர் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார்! 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை உள்ளதை எடுத்துப் போகக் கூடாது என்பது அந்த ஏரியின் சட்டம். அவை இன்னும் வளர்ந்து பெரிய மீனாக வேண்டுமாம். விட்ட மீன் நேரே எங்கே போயிற்று என்கிறீர்கள்? அந்தப் பட்ட மரத்தடிக்குத்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மரம் இனித் தளிர்க்காது; பூக்காது. தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது, வந்ததுதான். ஆனாலும் அதன் காலடியில் ஒரு குடித்தனம் நடக்கிறதே!

மறுநாள் காலையில் மருமகளிடம், "சனிக்கிழமைச் சமையல் இனிமேல் என் பொறுப்பு" என்றேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் மேல் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். என் புளிப் பானையும் மிளகாய்ப் பொடியும் இப்போது அங்கே இருக்கின்றன.

உங்கள் வீட்டுக்கும் ஒரு மாமியாரோ அம்மாவோ இரண்டு பெட்டிகளோடு வந்து சேரலாம். "நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள்" என்று உபசாரம் செய்யாதீர்கள். அலமாரியில் ஒரு தட்டு, வாரத்தில் ஒரு நாள் அடுப்பு. இவ்வளவு கொடுத்தால் போதும்.